25 கிலோ கடிதங்களும் ஒரு மகாராஜாவும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து என் தங்கை வருவதாகச் சொல்லியிருந்தாள். கும்மிடிப்பூண்டி வண்டி வழக்கம்போல தாமதம். எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னோடு பொழுது போக்க வந்திருந்தார்கள்.

தலைக்கு மேலே ஒரு விமானம் வடக்குப் பக்கம் போனது. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், ஏர் இந்தியா கவர்ன்மெண்ட் பஸ் மாதிரியா, கம்பெனி பஸ் மாதிரியா?" என்று கேட்டான்.

சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்களை தினமும் பார்க்கிற பையன் அல்லவா! அவனுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

"முதலில் கம்பெனி பஸ். அப்புறம் கவர்ன்மெண்ட் பஸ். இப்போது மறுபடியும் கம்பெனி பஸ்" என்றேன்.

"போங்க சார், விளையாடாதீங்க" என்றான்.

விளையாட்டு இல்லை, குழந்தைகளே. அன்றைக்கு அவர்களுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு விமானி

1904-ம் ஆண்டு ஜூலை 29-ம் தேதி பாரிஸ் நகரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா இந்தியர், டாட்டா குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். குழந்தையின் பெயர் ஜஹாங்கீர். பிற்காலத்தில் ஜே.ஆர்.டி. டாட்டா என்று உலகமே அழைத்தது.

கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் பிரான்சின் வடக்குக் கடற்கரைக்குப் போகும். அங்கே அக்கம்பக்கத்தில் யாருடைய வீடு இருந்தது தெரியுமா? 1909-ம் ஆண்டு இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய லூயி பிளேரியோவின் வீடு! அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்த சிறுவனுக்கு ஆசை வந்துவிட்டது. பதினைந்து வயதில் ஒரு சின்ன விமானத்தில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். அவ்வளவுதான், மனசு வானத்திலேயே தங்கிவிட்டது.

ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்ள இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. 1929 பிப்ரவரி 10-ம் தேதி அவருக்கு விமானி உரிமம் கிடைத்தது. உரிமத்தின் எண் என்ன? ஒன்று! இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அதுதான்.

அடுத்த வருஷம், 1930-ல், ஆகா கான் ஒரு போட்டி அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே குறித்த காலத்துக்குள் தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்கிற இளைஞர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஆஸ்பிக்கு அப்போது வயது 17 தான். உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் அண்ணன் இருந்தால் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வயது!

எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கினார். அங்கே ஆஸ்பி தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். கையில் இல்லை. போட்டியில் எதிரி ஆயிற்றே! நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்த பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி பறந்துபோய், சில மணி நேர வித்தியாசத்தில் முந்திக்கொண்டு பரிசை வாங்கிவிட்டார். பிற்காலத்தில் அதே ஆஸ்பி இந்திய விமானப்படையின் தளபதி ஆனார். ஜே.ஆர்.டி.க்கு அந்தத் தோல்வியில் வருத்தமே இல்லையாம். எனக்கென்னவோ, கொஞ்சமாவது இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. மனிதர்தானே!

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் தபால் கராச்சி வரைக்கும்தான் விமானத்தில் வரும். கராச்சி இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில்தான் வரவேண்டும். நெவில் வின்சென்ட் என்ற விமானி டாட்டா கம்பெனிக்கு வந்து, "அந்தத் தபாலை நாமே விமானத்தில் கொண்டுபோகலாம்" என்றார். கம்பெனி சம்மதித்தது. ஆனால் வெள்ளைக்கார அரசாங்கம் சம்மதிக்க மூன்று வருஷம் ஆயிற்று. உதவித் தொகை எதுவும் தரமாட்டோம் என்றது. "வேண்டாம், கொண்டுபோகும் தபாலின் எடைக்குக் கூலி கொடுத்தால் போதும்" என்று டாட்டா கம்பெனி ஏற்றுக்கொண்டது. போட்ட முதல் இரண்டு லட்சம் ரூபாய். வாங்கிய விமானங்கள் இரண்டே இரண்டு.

அந்த விமானத்துக்குப் பெயர் 'புஸ் மாத்'. அது ஒரு அந்துப்பூச்சியின் பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு. இரும்புக் குழாயால் கூடு கட்டி, மேலே துணி போர்த்தியிருக்கும். ஒரே ஒரு இஞ்சின். மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகம். இன்றைக்கு நம் ஊர் வழியாக விர்ரென்று போகும் எக்ஸ்பிரஸ் வண்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ரேடியோ கிடையாது. பிரேக்கும் கிடையாது!

1932 அக்டோபர் 15-ம் தேதி. அதற்கு ஒரு மாதம் முன்பே கிளம்பியிருக்க வேண்டியது, பெருமழையால் தள்ளிப்போய்விட்டது. காலை 6.35 மணிக்குக் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. தனியாகக் கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒரு தபால் மூட்டை. எடை 25 கிலோ. நம் ஊர்ப் பக்கம் லாரியில் போகிறதே சிமென்ட் மூட்டை, அதில் சரிபாதி!

வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் போட இறங்கினார். பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில், தகர டின்களில்! மாடு நிதானமாக நடந்து வந்து நிற்க, டின் டின்னாகத் தூக்கி விமானத்துக்குள் ஊற்றினார்கள். இந்தக் காட்சியைச் சொன்னதும் ரயில் நிலையத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மாடு வரத் தாமதித்திருந்தால் விமானமும் காத்திருக்க வேண்டியதுதான்!

பகல் 1.50-க்கு பம்பாயில் ஜூஹு என்ற இடத்தில் இறங்கினார். அங்கே வின்சென்ட் இன்னொரு விமானத்தோடு தயாராக இருந்தார். பம்பாய்த் தபாலை இறக்கிவிட்டு, மிச்சத்தை அவர் விமானத்தில் ஏற்றினார்கள். வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையில் வந்து இறங்கினார். ஆமாம் குழந்தைகளே, இந்தியாவின் மிகப் பெரிய விமானக் கம்பெனிகளில் ஒன்று செய்த முதல் பயணம் முடிந்தது நம் சென்னையில்தான்!

வாரத்துக்கு ஒரு தடவை இந்தத் தபால் போய்வந்தது. ஜூஹுவில் இருந்தது விமான நிலையம் அல்ல, வெறும் களிமண் தரை. மழைக்காலத்தில் கடல்நீர் ஏறிவிடும். அப்போது புனேயில் போய் இறங்குவார்கள். இவ்வளவு தொல்லையிலும் முதல் வருஷத்தில் ஒரு தடவைகூட தபால் தாமதமாகவில்லை என்று அரசாங்க அறிக்கையே பாராட்டியது. அந்த வருஷம் ஏறிய பயணிகள் மொத்தம் 155 பேர். உட்கார இடம் எங்கே? தபால் மூட்டை மேல்தான்! லாபம் 60,000 ரூபாய்.

கம்பெனி வளர்ந்தது. 1935-ல் திருவனந்தபுரத்துக்கும், 1938-ல் திருச்சி வழியாகக் கொழும்புக்கும் அதன் விமானங்கள் பறந்தன. வின்சென்ட் மட்டும் அதிக நாள் இருக்கவில்லை. 1942-ல் இரண்டாம் உலகப் போரின்போது அவர் வந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சென்னைக்கு முதல் விமானத் தபாலைக் கொண்டுவந்தவர் அவர். சென்னையில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

தூசியைத் துடைத்த தலைவர்

1946-ல் 'டாட்டா ஏர்லைன்ஸ்' என்ற பெயர் 'ஏர் இந்தியா' ஆயிற்று. பெரிய மீசையும் தலைப்பாகையுமாகக் குனிந்து வணக்கம் சொல்கிறாரே ஒரு மகாராஜா, அவரும் அந்த வருஷம்தான் பிறந்தார். கம்பெனியில் வேலை பார்த்த பாபி கூக்கா நினைத்துச் சொல்ல, உமேஷ் ராவ் என்ற ஓவியர் வரைந்தது.

1948 ஜூன் 8-ம் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் 35 பயணிகளோடு பம்பாயிலிருந்து கிளம்பியது. கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தியப் பெயர் எழுதிய விமானம் லண்டனில் போய் நின்றால் எப்படி இருந்திருக்கும்!

இங்கேதான் நம் பையன் கேட்ட கேள்விக்குப் பாதி பதில். 1953-ல் நேரு காலத்து அரசாங்கம் விமானக் கம்பெனிகளை எல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டது. உள்நாட்டில் பறந்த எட்டுக் கம்பெனிகள் சேர்ந்து 'இந்தியன் ஏர்லைன்ஸ்' ஆயின. வெளிநாட்டுக்குப் பறந்தது ஏர் இந்தியா. ஜே.ஆர்.டி.க்கு இதில் ரொம்ப வருத்தம். இருந்தாலும் ஏர் இந்தியாவுக்குத் தலைவராக நீங்களே இருங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது ஒப்புக்கொண்டார். அதற்காக அவர் சம்பளம் வாங்கவில்லை.

அவர் எப்படிப்பட்ட தலைவர்? விமானத்தில் போனால் சும்மா உட்காரமாட்டார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வருவார். டீயும் காபியும் ஒரே நிறத்தில் இருந்தன என்று எழுதுவார்! கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். கவுண்டரில் தூசி இருந்தால் யாரையும் கூப்பிடாமல் தானே துடைத்துவிடுவார். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கரும்பலகையைத் தானே துடைக்கிற தலைமை ஆசிரியரைக் கண்டால் எந்தப் பிள்ளையும் குப்பை போடாது.

1960-ல் ஆசியாவிலேயே முதலாவதாக ஜெட் விமானம் வாங்கிய கம்பெனி ஏர் இந்தியாதான். 1978-ல் அரசாங்கம் அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. அவர் பறப்பதை விடவில்லை. 1982 அக்டோபர் 15-ம் தேதி, முதல் பயணத்தின் ஐம்பதாவது வருஷ நினைவாக, அதே மாதிரி ஒரு பழைய சின்ன விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாக ஓட்டி வந்தார். அப்போது அவருக்கு வயது 78!

எங்கள் தெரு ஆயா

இப்போது நான் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் வெல்டர். 1980-களில் குவைத்துக்கு வேலைக்குப் போனார். மாதம் ஒரு கடிதம் வரும். உறையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்டிருக்கும். தபால்காரர் சைக்கிள் மணி அடித்ததும் அவருடைய அம்மா, நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம், கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவார். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும். ஆனாலும் "வாத்தியாரு படிச்சாத்தான் அவன் பேசற மாதிரி இருக்குது" என்பார். ஒரே கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்வார்.

1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. தபால் நின்றுபோயிற்று. டெலிபோனும் இல்லை. தினமும் காலை ஏழேகால் மணி ரேடியோ செய்திக்கு அந்த அண்ணி எங்கள் திண்ணையில் வந்து நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். செய்தி முடிந்ததும், "தம்பி, நம்ம ஆளுங்களைப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்பார். அவரும்தான் கேட்டுக்கொண்டு நின்றார். இருந்தாலும் என்னிடம் கேட்பார்.

அப்போது குவைத்தில் இருந்த இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். விமான நிலையம் மூடியாகிவிட்டது. ஜனங்கள் பஸ்களில் ஏறி, ஈராக் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏர் இந்தியா அவர்களை ஏற்றிவரத் தொடங்கியது. 59 நாள், 488 பயணம். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். பயணிகள் விமானங்களைக் கொண்டு இவ்வளவு பேரை மீட்டது உலக சாதனையாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். அம்மானிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ரயிலில் சென்ட்ரல், சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி. கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. முகமெல்லாம் தாடி. அஞ்சு வருஷம் சம்பாதித்ததில் ஒரு டேப் ரிக்கார்டர்கூட மிச்சம் இல்லை. ஆயா வாசலில் நின்று பார்த்தார். அழக்கூட இல்லை. "சாமான் எல்லாம் எங்கடா?" என்றார்.

"நான்தான்மா சாமான்" என்றார் அண்ணன்.

அதன் பிறகுதான் ஆயா அழுதார்.

பிறகு என்ன ஆயிற்று?

இந்தப் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1990-களில் தனியார் கம்பெனிகளும் பறக்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்தது. போட்டி அதிகமாயிற்று. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் நஷ்டம், கடன் மேல் கடன். கடைசியில் 2021-ல் ஏலம் விட்டபோது 18,000 கோடி ரூபாய்க்கு எடுத்தது யார்? டாட்டா! 2022 ஜனவரி 27-ம் தேதி ஏர் இந்தியா கைமாறியது. 69 வருஷம் கழித்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது. 1993-ல் காலமான ஜே.ஆர்.டி. அதைப் பார்க்கவில்லை.

அதனால், கம்பெனி என்றால் எப்போதும் ஜெயிக்கும், அரசாங்கம் என்றால் தோற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சென்னையைச் சேர்ந்த பாரமவுண்ட் 2010-ல் நின்றுபோனது. கிங்ஃபிஷர் 2012-ல், ஜெட் ஏர்வேஸ் 2019-ல். இவை எல்லாமே தனியார் கம்பெனிகள்தான். விமானத் தொழில் அவ்வளவு கஷ்டமானது. எண்ணெய் விலை ஏறினால் நஷ்டம், நோய் பரவினால் நஷ்டம், சண்டை வந்தால் நஷ்டம்.

அதைவிடப் பெரிய துக்கம் ஒன்றும் உண்டு. 2025 ஜூன் 12-ம் தேதி, அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் மேலே எழும்பிய உடனேயே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். 1932-ல் மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்ததே, அதே ஊர். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சத்தமே போடவில்லை. நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு அந்தப் பையன்தான் ஆரம்பித்தான். "சார், குவைத்துல மாதிரி இப்ப சண்டை வந்தா யாரு சார் போவாங்க? கம்பெனி காசு கேட்காதா?"

நல்ல கேள்வி! அதற்கும் பதில் இருக்கிறது. ஏர் இந்தியா கைமாறி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2022 பிப்ரவரியில் உக்ரைன் நாட்டில் போர் மூண்டது. அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பனியில் நடந்து பக்கத்து நாடுகளின் எல்லைக்கு வந்தார்கள். பிப்ரவரி 26-ம் தேதி ருமேனியா நாட்டிலிருந்து முதல் விமானம் மும்பை வந்து இறங்கியது. அது ஏர் இந்தியா விமானம். 'ஆபரேஷன் கங்கா' என்று பெயரிட்ட அந்த மீட்புப் பணியில் 90 விமானப் பயணங்கள். அதில் 14 விமானப்படை போனது. மற்றவை எல்லாம் ஏர் இந்தியாவும் மற்ற தனியார் கம்பெனிகளும் போனவை. மாணவர்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. ஏற்பாடும் செலவும் அரசாங்கத்துடையது.

பையன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்போ கவர்ன்மெண்ட்டே டிக்கெட் எடுத்துக் கம்பெனி பஸ்ஸுல ஏத்திவிட்டுது. சரியா சார்?"

"சரிதான்டா" என்றேன்.

"கவர்ன்மெண்ட் டிக்கெட் எடுக்க மறந்துட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் என் தங்கை இரண்டு பெரிய பைகளோடு இறங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பையை வாங்க ஓடினார்கள். அவன் மட்டும் ஓடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.